பெரிய கோயிலும் ஒரு போனும்: கேள்வி பதில்

தஞ்சைப் பெரிய கோயிலைப் போனில் எடுப்பது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அங்கே பல தடவை வெறுங்காலோடு அலைந்தவனின் பதில்கள்.

கேள்வி: அண்ணா, கருவறைக்கு மேலே இருக்கிற விமானக் கோபுரம் முழுசாக ஃபிரேமுக்குள் வருவதில்லை. அகலமாகக் காட்டும் வைட் லென்ஸில் வைத்தால் பின்னால் சாய்ந்து தெரிகிறது.

216 அடி உயரத்தை அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் அப்படித்தான் வரும். போனைச் சாய்த்தால் கோடுகள் உச்சியில் குவியும். தள்ளிப் போய், போனை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். கீழே தரை நிறைய வரும். வரட்டும், அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். பிராகாரத்தின் மூலைக்குப் போனால் விமானத்தின் இரண்டு பக்கமும் சேர்ந்து தெரியும். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

கேள்வி: எந்த நேரத்தில் போகலாம் சார்?

கோயில் கிழக்கு பார்த்தது. காலையில் முகப்பில் வெயில் விழும். மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் எதிரே இருக்கும், விமானம் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு உருவமே வேண்டுமென்றால், திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். வேண்டாமென்றால் மேற்குப் பக்கம் போய்விடுங்கள். சாய்வெயிலில் சிற்பங்களின் ஆழம் தெரியும். நடுப்பகலில் அது தட்டையாகிவிடும். தவிர, கல்தரை கொதிக்கும். நிற்கவே முடியாது, படம் எங்கே எடுப்பது?

கேள்வி: ஜூம் செய்தால் சிற்பம் மசமசவென்று வருகிறது.

முதலில் லென்ஸைத் துடையுங்கள். பாதிப் பேருக்கு விரல் பிசுக்குதான் காரணம். தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் டெலி லென்ஸ் இல்லாத போனில் ஜூம் என்பது, படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். நடந்து கிட்டப் போங்கள்.

கேள்வி: அப்பா அம்மாவைக் கோபுரத்தோடு எடுத்தால் எறும்பு மாதிரி இருக்கிறார்கள்.

கோபுரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினால் வேறெப்படி இருப்பார்கள்? நீங்கள் கோபுரத்திலிருந்து தள்ளி நில்லுங்கள், அவர்களை உங்களுக்கு நாலைந்து அடி முன்னால் நிறுத்துங்கள். வைடில் எடுத்தால் ஓரத்தில் யாரையும் விடாதீர்கள், முகம் இழுபடும்.

கேள்வி: இரவில் ஃபிளாஷ் போடலாமா?

அது சில அடிக்கு மேல் எட்டாது. நைட் மோடில் வைத்து, முழங்கையை எதிலாவது ஊன்றி, படம் பதியும் வரை அசையாமல் இருங்கள்.

கேள்வி: கருவறையில்?

கூடாது. போனைப் பையில் போட்டுவிட்டுக் கும்பிடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தெளிவு போய்விடுகிறதே?

டாக்குமெண்டாக அனுப்புங்கள், சுருங்காது.