இங்கே பிறந்து சமோவாவுக்கு ஆடுவது நன்றிகெட்ட செயலா?

கேள்வி: அவுஸ்திரேலியாவில் பிறந்து வளர்ந்து, இங்குள்ள கழகங்களில் பழகி ஆளாகி, உலகக் கிண்ணம் வந்ததும் சமோவாவுக்கும் டொங்காவுக்கும் ஆடப் போகும் றக்பி லீக் வீரர்கள் செய்வது நன்றிகெட்ட செயல் இல்லையா?

நீங்கள் சிட்னியிலோ பிரிஸ்பேனிலோ இருப்பவர், 2022 நவம்பரில் உங்களுக்குப் பிடித்த ஒரு வீரர் அவுஸ்திரேலியாவுக்கு எதிரே நின்றதைப் பார்த்து மனம் கசந்தவர் என்று நினைக்கிறேன். அந்தக் கசப்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் "நன்றிகெட்ட" என்ற சொல்லைக் கண்டபின் பேசாமல் கடந்து போக முடியவில்லை.

நான் விளையாட்டு விமர்சகன் இல்லை. மேற்கு சிட்னியில் ஒரு குளிர்களஞ்சியத்தில் பதினான்கு வருடமாக இரவு வேலை, போர்க்லிப்ட் ஓட்டுகிறேன். எங்கள் ஷிப்டில் பாதிப் பேர் சமோவா, டொங்கா, பிஜி ஆட்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கிறிக்கெட் மட்டும் தெரிந்து வந்த எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லித் தந்தவர்கள் அவர்கள்தான்.

முதலில் விதி. பிறந்த நாடு, தாய் தகப்பன் பிறந்த நாடு, பாட்டன் பாட்டி பிறந்த நாடு, இல்லாவிட்டால் குறிப்பிட்ட காலம் குடியிருந்த நாடு. இவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினால் அந்த நாட்டுக்கு ஆடலாம். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து மூன்றும் மேல்தட்டு. அவற்றில் ஒன்றுக்கு ஆடினவர் மற்ற இரண்டுக்கும் நினைத்தபடி தாவ முடியாது. ஆனால் மேல்தட்டு ஒன்றுக்கும் சமோவா போன்ற நாடு ஒன்றுக்கும் இடையில் போய்வர வழி விட்டிருந்தார்கள். யாரும் கள்ள வழியால் போகவில்லை.

ஜோஷ் பபாலியை எடுங்கள். ஒக்லாந்தில் பிறந்தார், குயின்ஸ்லாந்தில் வளர்ந்தார், நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும் மாநிலப் போட்டியான ஸ்டேட் ஆஃப் ஆரிஜினில் குயின்ஸ்லாந்துக்கு ஆடினார், அவுஸ்திரேலியச் சட்டையும் போட்டார், 2022 இல் சமோவாவுக்கு ஆடினார். இவர் எந்த நாட்டுக்கு நன்றி கெட்டவர்? பிறந்த இடத்தைச் சொன்னால் நியூசிலாந்துக்காரர் அல்லவா கோபிக்க வேண்டும்?

இது இப்போது முளைத்த சண்டையும் இல்லை. 1980 க்கு முன்னர் மாநிலப் போட்டிக்கு ஆட்களை எடுத்தது, அவர்கள் எந்த மாநிலக் கழகத்தில் ஆடுகிறார்கள் என்பதை வைத்துத்தான். காசுள்ள சிட்னிக் கழகங்கள் குயின்ஸ்லாந்துப் பெடியன்களை வாங்கிக்கொள்ள, அவர்கள் நியூ சவுத் வேல்ஸின் நீலச் சட்டையோடு சொந்த மாநிலத்தையே அடித்தார்கள். ஆர்தர் பீட்சன் அப்படி நியூ சவுத் வேல்ஸுக்கு ஆடியவர். 1980 யூலையில், கழகத்தைப் பார்க்காமல் வேர் உள்ள மாநிலத்துக்கு ஆடும் முதல் ஆரிஜின் ஆட்டம் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது, பரமட்டாக் கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தார். பிரிஸ்பேன் லாங் பார்க்கில் குயின்ஸ்லாந்துக்குத் தலைமை தாங்கி இறங்கினார். எதிர்ப்பக்கத்தில் நின்ற தன் கழகத் தோழன் மிக் குரோனினையும் அவர் விட்டுவைக்கவில்லை. குயின்ஸ்லாந்து 20-10 என்று வென்றது. இன்றுவரை பீட்சனைத் துரோகி என்று சொன்ன ஒருவரை நான் சந்திக்கவில்லை, வீரன் என்றுதான் சொல்கிறார்கள். சம்பளம் தந்த ஊரை விட்டு வேர் உள்ள ஊருக்கு ஆடுவதுதான் ஆரிஜினின் பெருமை என்றால், அதையே ஒரு சமோவாப் பெடியன் செய்யும்போது மட்டும் ஏன் பெயர் மாறுகிறது?

இனி நான் சொல்ல வந்த கதை.

எங்கள் ஷிப்டில் ஒரு சமோவா நண்பர் இருக்கிறார். என்னை "உசோ" என்றுதான் கூப்பிடுவார். சகோதரன் என்று அர்த்தம். 2022 யூனில் ஆரிஜின் நடந்தபோது நியூ சவுத் வேல்ஸின் வெளிர்நீலச் சட்டையோடு வேலைக்கு வந்தவர். பிரையன் டோவோவும் ஜரோம் லுவாயும் எங்கள் பக்கத்துப் பென்ரித் கழகத்துப் பெடியன்கள் என்று சாப்பாட்டறை அதிரக் கத்தினார். மேற்பார்வையாளரும் சேர்ந்து கத்தினார். ஒக்டோபர், நவம்பரில் உலகக் கிண்ணத்தில் அதே இருவரும் சமோவாவுக்கு ஆடினார்கள். நண்பர் இப்போது கடும்நீலச் சட்டையில் வந்தார்.

தொடக்கம் படுமோசம். முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து 60-6 என்று நொறுக்கியது. "ஒரே மாதிரிச் சட்டை போட்டால் ஒரு நாடாகிவிடுமா?" என்று ஒருவர் சாப்பாட்டறையில் கேட்டார். நண்பர் ஒன்றும் பேசவில்லை. பிறகு கால் இறுதியில் டொங்காவை 20-18 என்று வென்று அரையிறுதிக்கு வந்தார்கள். மறுபடியும் அதே இங்கிலாந்து. ஆட்டம் நடந்தது இங்கிலாந்தில், இங்கே நேரம் நள்ளிரவு தாண்டிவிட்டது. குளிரறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது, ஆகவே இடைவேளைகளில் ஓடி ஓடிப் பார்த்தோம். கடைசிக் கட்டத்தில் இங்கிலாந்து சமன் செய்துவிட்டது, 26-26. மேலதிக நேரத்தில் முதலில் புள்ளி எடுப்பவர் வெற்றி. ஸ்டீபன் கிரைட்டன் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவால் போனது. 27-26. ஒரு பசிபிக் தீவு நாடு உலகக் கிண்ண இறுதிக்குப் போவது அதுதான் முதல் தடவை. நண்பர் குளிர் மேலங்கியோடு தரையில் இருந்து அழுதார்.

அப்போதுதான் மேற்பார்வையாளர் சொன்னார்: "யூனில் எங்கள் ஆட்கள், நவம்பரில் உங்கள் ஆட்களா? ஒரு பக்கம் நில்லுங்கோ." அவர் கெட்டவர் இல்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சாப்பாட்டறை அப்படியே அடங்கிப்போனது. நானும் வாய் திறக்கவில்லை. அது இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

விடியப்புறம் கார் நிறுத்துமிடத்தில் நண்பர் சொன்னதை என் தமிழில் தருகிறேன். "என் அம்மா பதினேழு வயதில் இங்கே வந்தவ. இரவில் அலுவலகங்கள் கூட்டித் துடைத்து எங்களை வளர்த்தவ. தன் நாட்டின் பெயரை இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் அவ பெரிதாகக் கேட்டது இரண்டு தரம். 2009 இல் சுனாமி வந்தபோது. 2019 இல் சின்னமுத்து பரவிக் குழந்தைகள் செத்தபோது. அவ இப்போது இல்லை, உசோ. இன்றைக்கு இருந்திருக்க வேணும்."

எங்கள் நாட்டின் பெயரும் அப்படித்தானே எங்கள் காதில் விழுந்தது? குண்டு, அகதி, கப்பல். சொந்த ஊரின் பெயரை நல்ல சேதியில் கேட்க ஏங்கிய தாய் தகப்பன் உள்ளவனுக்கு அந்தச் சட்டை எவ்வளவு பாரம் என்று தெரியும். 2017 உலகக் கிண்ணத்துக்கு ஜேசன் டௌமலோலோ நியூசிலாந்தை விட்டும், அன்ட்ரூ பிபிடா அவுஸ்திரேலியக் குழுவை விட்டும் டொங்காவுக்குப் போனார்கள். அங்கே கிடைத்த காசு சொற்பம். காசுக்காகத் தாவுகிறவன் அந்தத் திசைக்கா தாவுவான்? அந்த முறை நியூசிலாந்தின் ஹமில்டனில் டொங்கா நியூசிலாந்தையே 28-22 என்று வென்றது.

எதிர்வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒன்று: சமோவா அணியில் பெரும்பாலானோர் இங்கேயும் நியூசிலாந்திலும் உருவானவர்கள், தீவில் இருக்கும் பெடியனுக்கு இடம் கிடைப்பது அரிது. அது உண்மையான குறை. இரண்டு: சமோவாவைத் தேர்ந்தவர் ஆரிஜினும் ஆடலாம், ஆனால் அப்போதைய விதிப்படி இங்கிலாந்தைத் தேர்ந்தவரால் முடியாது. சிட்னியில் பிறந்த விக்டர் ரேட்லி, தகப்பன் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்காரர் என்பதால் அதே 2022 இல் இங்கிலாந்துக்கு ஆடினார். ஆரிஜின் வாய்ப்பு அவர் கையை விட்டுப் போனது. அது சமமில்லை என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரேட்லியைப் பார்த்து "நன்றிகெட்டவன்" என்று எங்கள் சாப்பாட்டறையில் ஒருவரும் சொல்லவில்லை. அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

இறுதி ஆட்டத்தில் அவுஸ்திரேலியா சமோவாவை 30-10 என்று வென்றது. நான் இந்த நாட்டுக் குடிமகன், அவுஸ்திரேலியா வென்றது எனக்கும் சந்தோசம்தான். மேற்கு சிட்னியில் மவுண்ட் ட்ரூயிட் பக்கம் கார்களில் சமோவாக் கொடி பறந்ததும் சந்தோசம்தான்.

இதை எழுதும்போது இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. கேள்விக்கு நேரடித் தொடர்பில்லை என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

இங்கே எங்கள் ஆட்கள் வருடாவருடம் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பெயரில் கிறிக்கெட் போட்டி வைக்கிறார்கள். பழைய மாணவர்களும் அவர்களின் பிள்ளைகளும் ஆடலாம். என் மகனுக்குப் பதினாறு வயது, இங்கே பிறந்தவன், நன்றாகப் பந்து வீசுவான். நான் படித்த பள்ளிக்கூடத்தை அவன் படத்தில்தான் பார்த்திருக்கிறான், ஆனாலும் அந்தச் சட்டையைப் போட ஆசைப்பட்டான். விண்ணப்பம் கொடுத்தோம். சங்கத்திலிருந்து ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். "அண்ணை, நீங்கள் சாதாரண தரம் எங்கடை பள்ளிக்கூடத்தில எழுதேல்லையே? அப்ப உங்களைப் பழைய மாணவர் எண்டு எடுக்கேலாது."

நான் எழுதவில்லைத்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அங்கே படித்தேன். சாதாரண தரம் என்பது பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் பொதுப் பரீட்சை. 1995 டிசெம்பரில் எனக்கு அந்தப் பரீட்சை. ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்தின் முழு வலிகாமப் பகுதியும் போரால் இடம்பெயர்ந்தது. மழைக்குள், சைக்கிளில் ஒரு சாக்கு அரிசியும் என் புத்தகங்களும். அடுத்த ஆண்டு வன்னியில் மல்லாவியில் ஒரு கொட்டில் பள்ளிக்கூடத்தில் எழுதினேன். தம்பியிடம் இதைச் சொன்னேன். "விதி எல்லாருக்கும் ஒண்டுதானே அண்ணை" என்றார்.

கடைசியில் வேறொரு பள்ளிக்கூடத்து அணிக்கு ஆள் குறைய, அவர்கள் மகனைச் சேர்த்துக்கொண்டார்கள். அவன் என் பள்ளிக்கூடத்துக்கு எதிராகப் பந்து போட்டான், மூன்று விக்கெட். நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே, இரண்டு கூடாரத்துக்கும் நடுவில், ஒரு மரத்தடியில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் கைதட்டினேன். ஒவ்வொரு தடவையும் அந்தச் சட்டைகளைப் பார்த்தேன்.

போன கிழமை இந்த வருடத்துக்கான விண்ணப்பம் வந்திருக்கிறது. சாதாரண தரம் எழுதிய ஆண்டு என்று ஒரு கட்டம். 1996 என்று போட்டேன். பக்கத்தில் பாடசாலை என்று இன்னொரு கட்டம். அதில் மல்லாவியின் பெயரையும் எழுதி, அதன்மேல் என் பள்ளிக்கூடத்தின் பெயரையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.