மியூரா ஏன் நிறுத்தவில்லை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன வாரம் எழுதியதில் ஜப்பான் கால்பந்து வீரர் கஸுயோஷி மியூராவை 'நான் மிகவும் மதிக்கிறவர்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு உடன்பாடில்லை. இன்னொரு ஜப்பான் வீரரான ஹிடெடோஷி நகாதா 29 வயதில், பேர் சொல்லும்படி ஆடிக்கொண்டிருந்தபோதே விலகினார். மியூரா ஐம்பது தாண்டியும் கடைசி சில நிமிடங்கள் இறங்குவதற்காக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அந்த இடம் ஒரு இருபது வயதுப் பையனுக்குப் போக வேண்டியதில்லையா? டிக்கெட் விற்கத்தானே கிளப்புகள் அவரை வைத்திருக்கின்றன? அவருடைய ஆட்டத்தில் அப்படி எதைப் பார்க்க வேண்டும் என்றாவது சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பெஞ்ச் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. யோகோஹாமா எஃப்சி கிளப்பில் 2021-ல் அவர் லீக்கில் இறங்கியது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் முடியப்போகிற நேரத்தில். கிளப்புக்கு அவர் பெயரால் விளம்பரம் கிடைத்தது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் நகாதாவை அவர் பக்கத்தில் வைத்து அளக்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

நகாதா பிறந்தது 1977-ல். ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துப் போட்டியான ஜே லீக் தொடங்கிய 1993-ல் அவருக்கு 16 வயது. பள்ளி முடித்ததும் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்வதற்கு ஒரு லீக் தயாராக இருந்தது. அவரைவிட பத்து வயது மூத்த மியூராவுக்கு அப்படி ஒன்று கிடையாது. அப்போது ஜப்பானில் இருந்தவை கம்பெனி அணிகள், ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அந்தந்தக் கம்பெனியின் ஊழியர்கள். பந்து ஆடுவதையே பிழைப்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும், அவர் போனார், 1982-ல், 15 வயதில், ஷிஸுவோகாவில் படித்துக்கொண்டிருந்த பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, பிரேசிலுக்கு. சாவோ பாவ்லோ நகரத்து ஜுவெண்டுஸ் கிளப்பின் இளையோர் அணியில் சேர்ந்தார் (இத்தாலியில் இருப்பது வேறு). ஆடத் தெரியாதவனை 'ஜப்பான்காரன்' என்று கேலி செய்கிற ஊர் அது. அங்கே நாலு வருடம் தாக்குப்பிடித்து 1986-ல் சாண்டோஸில் ஒப்பந்தம் வாங்கினார். பெலே ஆடிய கிளப். அப்புறம் வேறு சில கிளப்புகள், மறுபடி சாண்டோஸ், 1990-ல் தாய்நாடு. ஜே லீக் தொடங்கிய முதல் வருடமே அதன் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான்.

இந்தத் தொழிலை இவ்வளவு விலை கொடுத்து வாங்கியவர் இத்தனை வயதோடு நிறுத்த வேண்டும் என்று நாம் எப்படிச் சொல்வது?

அவர் பட்ட அடிகளையும் பாருங்கள். 1993 அக்டோபர் 28, கத்தாரின் தோஹா. ஈராக்கை ஜெயித்தால் ஜப்பானுக்கு முதல் உலகக் கோப்பை. ஐந்தாவது நிமிடத்தில் கோல் அடித்தவர் மியூரா. 2-1 என்று முன்னிலையில் இருந்தபோது, 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில், ஒரு கார்னரிலிருந்து ஈராக் தலையால் முட்டிச் சமன் செய்தது. எல்லாம் போச்சு. அடுத்த தகுதிச் சுற்றில் உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலு கோல் அடித்தார். ஜப்பான் 1998 பிரான்சுக்குத் தகுதி பெற்றது. ஆட்டங்கள் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, சுவிட்சர்லாந்துப் பயிற்சி முகாமில் பயிற்சியாளர் தகேஷி ஒகாதா இறுதிப் பட்டியலை அறிவித்தார், அதில் மியூராவின் பெயர் இல்லை. தேசிய அணிக்காக மொத்தம் 55 கோல் அடித்தவர், உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. நகாதா மூன்று உலகக் கோப்பை ஆடினார். ஆடி முடித்த நிறைவோடு விலகுவது அவருக்கு முடிந்தது, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1998-ல் 31 வயதில் மியூரா விலகியிருந்தால் அதை யாரும் 'கௌரவமான ஓய்வு' என்று சொல்லியிருக்க மாட்டார்கள், துரத்தப்பட்டார் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

டிக்கெட்டுக்காகத்தான் என்கிறீர்கள். அப்படியென்றால் 2022-ல் நடந்ததை என்ன சொல்வீர்கள்? முதல் இரண்டு டிவிஷனில் பெயரோடு உட்கார்ந்திருந்த யோகோஹாமா எஃப்சியை விட்டு, களத்தில் அதிக நேரம் கிடைக்கும் என்று நாலாவது அடுக்கில் இருந்த சுஸுகா அணிக்குப் போனார். அவருடைய அண்ணன் பயிற்சியாளராக இருந்த அணி. 55 வயதில் அங்கேயும் ஒரு பெனால்டி கோல். அடுத்த வருடம் போர்ச்சுகலின் இரண்டாம் டிவிஷனில் ஒலிவெய்ரென்ஸ். சொகுசு தேடுகிற ஆள் செய்கிற காரியமா இது? அந்த இருபது வயதுப் பையனைப் பற்றி எனக்கும் அக்கறை உண்டு. ஆனால் முப்பது வயது மூத்தவர் தனக்கு முன்னால் வந்து பயிற்சியில் ஓடுவதைத் தினமும் பார்ப்பதில் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்று நான் நம்பவில்லை.

சரி, எதைப் பார்க்கலாம்? முதலில் 2017 மார்ச் 12, யோகோஹாமாவில் குன்மா அணிக்கு எதிரான ஆட்டம். 50 வயது 14 நாள். பெனால்டி பெட்டிக்குள் வந்து விழுந்த பந்தை அடித்து உள்ளே தள்ளுகிறார், 1-0, அந்தக் கோலில்தான் அணி ஜெயித்தது. அது அலங்காரத்துக்கு வைத்த ஆளின் கோலா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்தது 2011 மார்ச் 29, ஒசாகா. சுனாமி வந்து 18 நாள்தான் ஆகியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தேசிய அணியும் ஜே லீக் அணியும் மோதிய ஆட்டம். 44 வயது மியூரா இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, தேசிய அணிக்கு எதிராக ஒரு கோல் அடிக்கிறார். அடித்ததும் ஓரத்துக்கு ஓடிப்போய்த் தன் பழைய நடனத்தை, 'கஸு டான்ஸ்' என்று ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் காலடிகளை, ஆடிவிட்டு விரலை வானத்தை நோக்கி நீட்டுகிறார். அப்போது மைதானம் எழுப்புகிற சத்தத்தைக் கேளுங்கள், வீடியோவின் ஒலியைக் குறைத்துவிடாதீர்கள்.

அன்புடன்.