பிரேக் மாற்றிய காரும் பட்டறை நீட்டிய தாளும்

கேள்வி: சிங்கப்பூரின் யீஷூனிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார். தம் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் காரின் முன்சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) அதை இறுக்கிப் பிடிக்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் 3,800 வெள்ளிக்குப் போட்டிருக்கிறார். தட்டில் உரசும் பேட் மட்டும் ஜோகூர் பாருவில் தாமே வாங்கிக் கொடுத்த பந்தய ரகம். பின்சக்கர பிரேக் பழையதுதான். அன்றுமுதல் பெடல் ஆழமாகப் போகிறது. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றது பட்டறை. இரண்டாம் மாதம் மழையில் ஒரு டாக்சியின் பின்னால் இடித்துவிட்டார். டாக்சி ஓட்டுநருக்குக் கழுத்து வலி. பட்டறைக்காரர் மைத்துனரின் நண்பர். போனை எடுப்பதில்லை, ஆனால் "2,000 வெள்ளி தருகிறேன், கையெழுத்துப் போடு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தாள் அனுப்பியிருக்கிறார். வழக்குப் போட்டு அவர் கடையை மூட வைக்க முடியுமா?

பதில்:

முடியாது. நம்ம ஆள் என்று நம்பியதும், மைத்துனர் வீட்டு விசேஷத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் உங்களுக்கு வலித்திருக்கும். அதற்கு நீதிமன்றம் ஒரு காசும் தராது. இத்தனை நீளக் கடிதத்தில் வழக்குக்கு உதவுவது, வேலைக்கு முன் அவர் அனுப்பிய ஒரு செய்திதான்: "முன்னுக்குப் பின்னுக்கு பேலன்ஸ் எல்லாம் நான் பாத்துக்கிறேன் தம்பி."

நீங்கள் தேர்ந்தெடுத்ததை மாட்டிக் கொடுத்தவர் என்றால் அவர் பொறுப்பு ஒழுங்காக மாட்டியதோடு முடிந்தது. எதற்காக வேண்டும் என்று சொல்லி, அவர் திறமையை நம்பி அவரிடமே வாங்கினீர்கள் என்றால் பொருள் விற்பனைச் சட்டம் உங்கள் பக்கம். அப்படி நம்பியதற்கு அந்தச் செய்திதான் சான்று. காலிப்பரில் பிஸ்டன் பரப்பைக் கூட்டிவிட்டு பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பழையபடி விட்டால் அதிக எண்ணெய் தள்ள வேண்டியிருக்கும், பெடல் ஆழம் போகும். பிரேக் பலம் முன்பக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் சீக்கிரமே குறுக்கிடும். பின்சக்கரம் தன் பங்கைச் செய்யாது, நிற்கும் தூரம் கூடும். இவை அவர் கவனித்திருக்க வேண்டியவை.

ஆனால் பேட் உங்களுடையது. பந்தய பேட் சூடேறாமல் சரியாகப் பிடிக்காது. வீட்டிலிருந்து கிளம்பிச் சற்று நேரத்தில், மழையில், விபத்து. எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போவது இதைத்தான். காலிப்பரா, பேட்டா என்பதைத் தனிப்பட்ட வாகன மதிப்பீட்டாளரின் அறிக்கைதான் சொல்ல முடியும், அதுவும் எல்லாம் காரில் இருக்கும்போதே பார்த்தால்தான். வேறு பட்டறையில் கழற்றிச் சரிசெய்துவிட்டு, பழைய பாகங்களைத் தூக்கிப் போட்ட பிறகு என்னிடம் வருபவர்கள் நிறைய. அவர்களுக்கு நான் செய்ய அதிகம் இருப்பதில்லை.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைத்த வரிக்கு வருகிறேன். "பிரேக் மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை." கேட்காதது உங்களுக்கு அரண் ஆகாது. காப்புறுதியில் முக்கியத் தகவலைத் தாமாகவே சொல்வது வாங்குபவரின் கடமை. வாகனத்தில் செய்யும் மாற்றத்தைத் தெரிவிக்கச் சொல்லும் நிபந்தனை உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். உங்கள் சொந்தக் காரின் பழுதுச் செலவை அவர்கள் மறுக்கலாம். டாக்சி ஓட்டுநரின் காயத்துக்கான இழப்பீட்டை 1960ஆம் ஆண்டின் மூன்றாந்தரப்பு அபாயச் சட்டப்படி அவர்கள் கொடுத்தாக வேண்டியிருக்கும், ஆனால் கொடுத்ததை உங்களிடமே திருப்பிக் கேட்க முடியும். கழுத்து வலிக்கு வழக்குப் போட அவருக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. இப்போது அவர் அமைதியாக இருப்பதை நம்பாதீர்கள்.

இந்த நிலையில் கோபத்தோடு சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போனால் மனுவில் என்ன எழுதுவீர்கள்? "முதல் நாளே பிரேக் சரியில்லை என்று தெரியும், நான்கு முறை சொன்னேன்" என்றுதானே. பட்டறையை மடக்க எழுதும் அதே வரி, பிரேக் கெட்டது தெரிந்தே இரண்டு மாதம் சாலையில் ஓட்டினேன் என்ற வாக்குமூலம். டாக்சித் தரப்பும் உங்கள் காப்புறுதி நிறுவனமும் அதை எடுத்து நீட்டும். போக்குவரத்துப் போலிசுக்கும் அது போதும். பொய் எழுதச் சொல்லவில்லை. விபத்து அறிக்கையில் ஒன்று, மனுவில் வேறொன்று என்று இருந்தால் இரண்டையுமே யாரும் நம்பமாட்டார்கள். எதையும் தாக்கல் செய்யுமுன் வழக்கறிஞர் ஒருவர் இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும். மன்றத்துக்குள் வழக்கறிஞர் வர முடியாது, வெளியே பார்க்கலாம். அந்தப் பாகங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவையா என்பதையும் அவர் பார்த்துவிடட்டும். அனுமதியில்லாத மாற்றம் என்றால் பட்டறையோடு சேர்ந்து உரிமையாளரும் மாட்டுவார்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். பின்னால் இடித்தவர் நீங்கள், பேட் வாங்கியவரும் நீங்கள். கையில் நல்ல அறிக்கை இருந்தால் 3,000 கேளுங்கள். 2,500 கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மைத்துனரை நடுவில் வைத்துப் பேசினாலும் தவறில்லை.

ஆனால் அந்தத் தாளில் இப்போதுள்ள வாசகத்துக்குக் கையெழுத்து வேண்டாம். "இந்த வாகனம் தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் முழுமையாகத் தீர்ந்தன" என்று மூன்றாவது பத்தியில் இருக்கிறது. நாளை டாக்சி ஓட்டுநருக்கு இழப்பீடு கொடுக்க நேர்ந்தால் அதில் பட்டறையின் பங்கைக் கேட்கும் உரிமையும் அதோடு போய்விடும். அதைவிட மோசம், பட்டறையிடமிருந்து பணத்தை வசூலிக்க உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு இருக்கும் உரிமையை அவர்களைக் கேட்காமலே நீங்கள் விட்டுக்கொடுத்ததாகும். உங்களுக்குக் கைவிரிக்க அவர்களுக்கு அது இரண்டாவது காரணம். தீர்வு பாகங்களின் விலைக்கும் கூலிக்கும் மட்டும், விபத்து இதில் சேராது என்று மாற்றி எழுதக் கேளுங்கள். பிரேக் மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, இந்தச் சமரசத்துக்கு அவர்களின் ஒப்புதலும் எழுத்தில் வரும்வரை அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.