அந்தச் சாவியை இன்றைக்கு வாங்காதீர்கள், தம்பி

தம்பி, நீங்கள் கேட்டதை என் வாயால் ஒருதரம் சொல்லிப் பார்க்கிறேன், சரியா என்று பாருங்கள். கோயம்புத்தூரிலிருந்து மூன்று வருட வேலைக்காகக் கொழும்பு வந்திருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் வீடு, கொள்ளுப்பிட்டியில் ஆபீஸ். 2015 மாடல் பிஎம்டபிள்யூ 520டி ஒன்று உங்களுக்கும் மனைவிக்கும் பிடித்துவிட்டது. வண்டிமேல் லீசிங், அதாவது நிதிக் கம்பனிக் கடன், இருக்கிறது, அதை முடித்துப் பெயர் மாற்றச் சில வாரம் ஆகும். ஆனால் விற்பவரோ, "பாதிக் காசு தாருங்கள், ஓபன் பேப்பரில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், வண்டியை இன்றைக்கே எடுத்துக்கொண்டு போங்கள்" என்கிறார். எடுக்கலாமா, இந்த வண்டி சரிவருமா, திரும்பும்போது ஊருக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்கிறீர்கள்.

கடைசிக் கேள்வி சுலபம்: முடியாது. மூன்று வயது தாண்டிய பழைய காரை இந்தியாவுக்குள் விடமாட்டார்கள். அதைவிடப் புதிதாக இருந்தாலும் கட்டவேண்டிய வரி காரின் விலையையே தாண்டிவிடும். இங்கே வாங்கியதை இங்கேயே விற்றுவிட்டுத்தான் போகவேண்டும். அந்தக் கணக்கோடு வாங்குங்கள்.

இனி ஓபன் பேப்பர். நம் ஊரிலும் கையெழுத்துப் போட்ட படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஆர்சி மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. இங்கே அது இன்னும் சாதாரணம். பெயர் மாற்றும் படிவத்தில் விற்பவர் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுவார். அந்தக் காகிதத்தோடு வண்டி இரண்டு மூன்று கை மாறும், நாரஹேன்பிட்ட மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மட்டும் முதல் ஆளின் பெயரே கிடக்கும். "எல்லாரும் செய்வதுதானே" என்பார்கள். எல்லாரும் செய்வதுதான். பம்பலப்பிட்டியில் எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் ஆடி ஒன்றை எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். விற்றவர் குடும்பத்தோடு மெல்பர்ன் போய்விட்டார். ஒருநாள் பின்னாலிருந்து பஸ் வந்து இடித்தது. இன்சூரன்ஸ்காரர் கேட்ட முதல் கேள்வியே, வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். 2022இல் பெட்ரோல், டீசலுக்கு க்யூஆர் பங்கீடு வந்தபோதும் இதே கூத்து. பழைய உரிமையாளர் அந்த வண்டியைத் தன் பெயரில் ஏற்கெனவே பதிந்து வைத்திருக்க, வண்டியைக் கையில் வைத்திருந்தவர் எண்ணெய்க்கு அலைந்தார்.

உங்கள் விஷயம் அதைவிட மோசம், ஏனென்றால் லீசிங் இருக்கிறது. அந்த வண்டியின் பதிவுப் புத்தகத்தை, இங்கே சீஆர் என்பார்கள், வாங்கிப் பாருங்கள். பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் என்று ஒரு இடம், முழுமையான உரிமையாளர் என்று இன்னொரு இடம் இருக்கும். முதலாவதில் உங்களோடு பேசுகிறவர் பெயர், இரண்டாவதில் லீசிங் கம்பனியின் பெயர். கடன் முடியும்வரை வண்டி அந்தக் கம்பனியுடையது. அவர் போடும் கையெழுத்து ஒன்றுக்கும் உதவாது. உங்கள் பாதிக் காசை வாங்கிக்கொண்டு அவர் தவணையைக் கட்டாமல் விட்டால், உங்கள் அடுக்குமாடி பார்க்கிங்கிலிருந்தே வண்டியை சீஸ் பண்ணிக்கொண்டு போவார்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு லீசிங் கம்பனிக்கு நேரே போங்கள். இன்ன தேதிக்குள் இவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று செட்டில்மென்ட் கடிதம் கேளுங்கள். அந்தத் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல், கம்பனியின் பெயரிலேயே பே ஆர்டர் எடுத்து அவருடைய லீசிங் கணக்குக்குக் கட்டுங்கள். அட்வான்ஸ் என்று கொடுப்பது சிறு தொகையாக இருக்கட்டும், அதுவும் வக்கீல் ஒருவரிடம் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு. கணக்கு முடிந்ததும் கம்பனி விடுவிப்புக் கடிதம் தரும். அதைக் கொண்டுபோய் நாரஹேன்பிட்டவில் அந்த இரண்டாவது பெயரை நீக்கி, பிறகு உங்கள் பெயருக்கு மாற்றவேண்டும். மீதிக் காசு அன்றைக்குத்தான். கம்பனிக்கு நேரடியாகக் கட்டுவதற்கு அவர் முகம் சுளித்தால், வேறு வண்டி பாருங்கள்.

இழுபடும் வேலைதான். கடிதம் தயார் என்பார்கள், போனால் கையெழுத்துப் போடவேண்டிய மேனேஜர் லீவு என்பார்கள். நான் பென்ஸ் வாங்கியபோது எனக்கும் அதுதான் நடந்தது. வீட்டில் தினமும் "கார் எப்ப வரும்" என்று கேள்வி. ஆனால் ஒன்று கவனியுங்கள்: உங்கள் காசு உங்கள் கையில் இருக்கும்வரை விற்பவர் முதல் ரிங்கிலேயே போனை எடுப்பார். வண்டியைக் காட்டு என்றால் காட்டுவார், எங்கே கொண்டுவா என்றாலும் கொண்டுவருவார். சாவி உங்கள் கைக்கு வந்த மறுநாளிலிருந்து அது நடக்காது. இந்த இடைப்பட்ட வாரங்களைத்தான் வண்டியைத் துருவிப் பார்க்கப் பயன்படுத்தவேண்டும்.

முதலில் ஒரு பாஸைப் பிடியுங்கள், மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். டொயோட்டா பார்க்கிற பாஸ் வேண்டாம், ஜெர்மன் வண்டி மட்டும் பார்க்கிற ஆள் வேண்டும். என்னைக் கேட்டால் காரைத் தேடும் முன்பே ஆளைத் தேடியிருக்க வேண்டும், பரவாயில்லை. விற்பவரிடம் காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் வைத்திருக்கச் சொல்லி, பாஸைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போங்கள். நான் கூட்டிப்போன பாஸ் வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே போய் பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், சூடு இருக்கிறதா என்று. ஆறிய எஞ்சினை முதன்முதல் ஸ்டார்ட் பண்ணும்போது வரும் சத்தம்தான் முக்கியம். இந்த 520டி எஞ்சின்களில் டைமிங் செயின், அதாவது வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் சங்கிலி, பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. செயின் தேய்ந்து உராயும் சத்தம் வந்தால், அதை மாற்ற கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்கவேண்டும். பழைய என்47 எஞ்சினுக்கு அந்தப் பேர் அதிகம். 2015 என்பதால் உங்களுடையது அடுத்து வந்த பி47 ஆக இருக்கலாம், கேட்டு உறுதி செய்யுங்கள். இன்னொன்று, டீசல் பிஎம்டபிள்யூக்களில் எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிரவைக்கும் ஈஜிஆர் கூலர் ஒழுகித் தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது என்று கம்பனியே 2018இல் நிறைய வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சேஸி நம்பரைக் கொடுத்து, இந்த வண்டிக்கு அந்த வேலை செய்யப்பட்டதா என்று இங்குள்ள ஏஜென்டிடம் கேளுங்கள். அங்கேயே சர்வீஸ் செய்த வண்டி என்றால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கும் கிடைக்கும். மீட்டரைக் குறைத்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

அப்புறம் தண்ணீர். 2016 மே மாதமும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் களனி கங்கை பெருகி கொலன்னாவ, கடுவெல பக்கமெல்லாம் மூழ்கியது. அப்போது இந்த வண்டி எங்கே நின்றது என்று யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. சீட் பெல்ட்டை முடிவுவரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரிகிற பகுதியைக் கழுவிவிடுவார்கள், உள்ளே சுருண்டு கிடக்கிற கடைசி முழத்தில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். டிக்கியில் தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். பாட்டரியும் சில மின்னணுப் பெட்டிகளும் அங்கேதான் இருக்கின்றன. பூத்துப்போன ஸ்க்ரூ, ஈர வாடை, புதிதாக ஒட்டிய கார்ப்பெட், எதைக் கண்டாலும் வந்துவிடுங்கள். நனைந்த ஜெர்மன் கார் உடனே நிற்காது, சில மாதம் ஓடிவிட்டு ஒவ்வொன்றாக அணையும்.

டயரும் பாருங்கள். பெரும்பாலும் ரன்ஃப்ளாட், அதாவது காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர், போட்டிருப்பார்கள், ஸ்டெப்னி இருக்காது. நான்கையும் மாற்றும் காலம் வந்தால் விலை உறைக்கும். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கிடைக்காத சாமான் இல்லை என்று சொல்வார்கள். ஜப்பான் வண்டிக்கு அது உண்மை. உங்களுக்குப் பல சாமான்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 மார்ச்சிலிருந்து ஏறக்குறைய ஐந்து வருடம் இங்கே கார் இறக்குமதியே இல்லை. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். திறந்தாலும் சுங்கத் தீர்வை, எஞ்சின் அளவுக்கேற்ற உற்பத்தி வரி, சொகுசு வரி, அதற்குமேல் 18 சதவீத வாட் என்று அடுக்கினால் புதுக் காரை நினைத்தே பார்க்க முடியாது. பத்து வயதுக் கார் இந்த விலை நிற்பது அதனால்தான். இறக்குமதி இல்லாத காலத்தில் வாங்கிய விலையைவிடக் கூட்டி லாபத்துக்கு விற்றவர்களின் கதைகளை ஆபீஸில் யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. மூன்று வருடம் கழித்து நீங்கள் விற்கும்போது நட்டம் வரும். ஒரே வயது டொயோட்டா பிரீமியோவுக்கும் இந்த பிஎம்டபிள்யூவுக்கும் விலை வித்தியாசம் ஏன் இவ்வளவு குறைவு என்று யோசித்தீர்களா? ரிப்பேர்ச் செலவை இந்த ஊர் ஏற்கெனவே விலையில் கழித்துவிட்டது.

இந்த வண்டி உங்களுக்குச் சரியா என்றால், என் எண்ணம் இல்லை என்பதே. டீசல் என்பதுதான் காரணம். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு காலி வீதியில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே ஊர்ந்து போவீர்கள். புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய, வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓடவேண்டும். வாரம் ஒருதரம் காலிக்கோ மாத்தறைக்கோ அதிவேகப் பாதையில் போகிற ஆளானால் சரி, இல்லாவிட்டால் அந்த ஃபில்டர் அடைக்கும். அடைத்ததும் கழற்றி எறிந்துவிடலாம் என்று ஆலோசனை சொல்லவும் ஆள் இருக்கிறது, கேட்காதீர்கள். பணம் மிச்சமானாலும் சாதாரண டீசல் அடிக்காதீர்கள், சூப்பர் டீசல்தான். ஐந்து நிமிட ஓட்டங்களே அதிகம் என்றால் பெட்ரோல் பென்ஸ் சி கிளாஸ் ஒன்றைப் பாருங்கள். ஆசைப்பட்டது 5 சீரிஸ்தான் என்றால், முதலில் டேப்பை எடுத்துப் போய் உங்கள் பார்க்கிங்கை அளந்து பாருங்கள். அந்த வண்டி கிட்டத்தட்ட 4.9 மீட்டர் நீளம். வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் பல பார்க்கிங்குகள் ஆல்ட்டோவை மனதில் வைத்துப் போட்டவை. மெரைன் டிரைவ் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று வேறு, கூரை இல்லாமல் நிறுத்தாதீர்கள்.

காகித வேலை நடக்கும்போதே லைசென்ஸையும் முடித்துவிடுங்கள். இந்திய லைசென்ஸை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது. மனைவியும் ஓட்டுவதாக இருந்தால் அவருக்கும் சேர்த்துப் பாருங்கள், லைசென்ஸ் அலுவலகம் இருக்கும் வெரஹெராவுக்கு இரண்டு தடவை அலைய வேண்டாம்.

பாஸ் வேண்டுமென்றால் சொல்லுங்கள், என் ஆளையே அனுப்புகிறேன். வண்டியைப் பார்த்து முடிக்கும்வரை விற்பவர் கேட்கும் விலையை மட்டும் பாஸிடம் சொல்லாதீர்கள், விலையைக் கேட்டுவிட்டால் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.