தூண்டில் ராடை நாமே கட்டினால் கட்டுப்படியாகுமா?

கேள்வி: இளம்பிள்ளையில் தறி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஏரிகளில் விராலுக்கும், எப்போதாவது மேட்டூர்ப் பக்கம் போய்க் கட்லாவுக்கும் தூண்டில் போடுவேன். கடையில் வாங்கிய 7 அடி ராடின் நுனி இரண்டு அங்குலம் முறிந்துவிட்டது. புதிதாக வாங்குவதை விட பிளாங்க் (ராடின் வெறும் தண்டு), கைடு (தூண்டில் நரம்பு ஓடும் வளையம்) எல்லாம் தனித்தனியாக வாங்கி நானே கட்டினால் செலவு குறையுமா? வீட்டில் பட்டு நூல் கிடக்கிறது, கைடுகளைப் பிளாங்கோடு கட்ட அதையே சுற்றலாமா?

பதில்: செலவு குறையாது. நூலைக் கோன் கணக்கில் எடுப்பவருக்கும் கண்டு கணக்கில் வாங்குபவருக்கும் ஒரே விலையா கிடைக்கிறது? இங்கேயும் அதே கதைதான். ராடு கம்பெனி கைடுகளை ஆயிரக்கணக்கில் வாங்குகிறது. நீங்கள் எட்டு வாங்குவீர்கள். (அடிக்கு ஒரு கைடு, மேலே ஒன்று கூட்டு என்பது பழைய கணக்கு. நுனி வளையம் தனி.) பிளாங்க் நீளக் குழாயில் அடைத்து வர வேண்டும், கூரியர்காரர் அதற்குத் தனியாகத் தீட்டுவார். ரீல் சீட் (ரீலைப் பொருத்தும் இடம்), கைப்பிடிக்குக் கார்க், நூல் சுற்றின் மேல் பூசும் எப்பாக்சிப் பிசின் என்று கூட்டிக்கொண்டே போனால், அதே தரத்து கடை ராடின் விலையைப் பாதி வழியிலேயே தாண்டிவிடும். கூலியை நான் இன்னும் சேர்க்கவில்லை.

அப்படியானால் நானெல்லாம் ஏன் கட்டுகிறேன்? மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பரிசலில் உட்கார்ந்து போட ஆரம்பித்தபோது, ராடின் அடிக்கட்டை ஒவ்வொரு வீச்சுக்கும் பரிசல் விளிம்பில் இடித்தது. கடையில் எதை எடுத்தாலும் கைப்பிடி நீளம் அதேதான். ஒரு சாண் குறைவாக வைத்து நானே ஒன்று கட்டினேன், தொல்லை விட்டது. ஆக, பழைய ராடின் மேல் உங்களுக்குக் குறிப்பாக ஒரு குறை இருக்க வேண்டும். ‘முறிந்துவிட்டது’ என்பது மட்டும் குறையாகாது.

உங்கள் கடிதத்தைப் படித்தால் ஒரு குறை இருக்கும் என்றே தோன்றுகிறது, நீங்கள்தான் சொல்லவில்லை. விராலுக்கு ரப்பர் தவளையை ஆகாயத்தாமரைக்கு மேல் இழுக்கிறீர்கள். அது கவ்வியதும் கொடிக்குள் புகுவதற்கு முன் வெளியே இழுத்தாக வேண்டும். நுனி மட்டும் வளைந்து, அடிப்பாகம் விறைப்பாக நிற்கும் ராடு வேண்டும். கட்லா அப்படியல்ல. திறந்த நீரில் நீண்ட ஓட்டம் ஓடும், பாதி ராடாவது வளைந்து கொடுத்து அந்த இழுப்பை வாங்க வேண்டும். ஒரே ராடில் இரண்டையும் செய்தால் ஒன்றில் நரம்பு அறும், இல்லையென்றால் மீன் கொடிக்குள் போய்விடும். இதற்கும் கட்டத் தேவையில்லை. இரண்டு சாதாரண ராடு வாங்குவதே மலிவு.

சரி, முறிந்த ராடை என்ன செய்வது? தூக்கிப் போடாதீர்கள். இரண்டு அங்குலம் போனால் ராடு கொஞ்சம் விறைப்பாகும், விராலுக்கு அது நல்லதுதான். முறிந்த இடத்தைச் சீராக அரம் போட்டு, அந்தப் பருமனுக்கு நுனி வளையம் வாங்கி, சூட்டில் உருகும் பசையால் ஒட்டுங்கள். உடனடிப் பசை வேண்டாம், நாளைக்குக் கழற்ற முடியாது. ராடு கார்பன் என்றால் அந்தத் தூசி மூச்சுக்கு ஆகாது, அரம் போடும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கார்பன் மின்சாரத்தையும் கடத்தும். ஏரிக்கரை மின்கம்பிக்கு அடியில் ராடைத் தூக்காதீர்கள்.

கைகள் சும்மா இருக்காது என்றால், அதே ராடில் பழைய கைடுகளைப் பிரித்து நீங்களே மறுபடி கட்டிப் பாருங்கள். பிரித்ததும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சை இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் உள்ளே விரிசல், அது நரம்பை அறுக்கும். கைடுகளை முதலில் டேப்பால் ஒட்டி, நரம்பைக் கோத்து, நுனியில் எடை தொங்கவிட்டு வளையுங்கள். ராடின் வளைவோடு நரம்பும் ஒட்டிப் போக வேண்டும். எங்கே கோணமாக வெட்டுகிறதோ அங்கே கைடை நகர்த்துங்கள். கட்டுவதில் பாதி அறிவு இந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. பிளாங்கில் விறைப்பான பக்கம் எது என்று ஆளுக்கொரு கட்சியாகச் சண்டை போடுவார்கள். நான் கண்ணுக்கு நேராகத் தெரியும் பக்கத்தை வைத்துக் கட்டிவிடுகிறேன்.

இனி உங்கள் நூல். நைலான் வருவதற்கு முன் மூங்கில் ராடுகளில் பட்டுதான் சுற்றினார்கள், அதனால் தாராளமாகச் சுற்றலாம். ஆனால் எப்பாக்சி பட்டதும் பட்டு கண்ணாடிபோல் ஆகிவிடும். நம்மூர் வேட்டிக்குப் போகும் வெண்பட்டு நூலைச் சுற்றினால் கைடின் கால் (பிளாங்கில் படியும் பகுதி) அப்படியே வெளியே தெரியும், சிவப்பு கருஞ்சிவப்பாகும். நிறம் மாறக் கூடாது என்றால் அதற்கான நிறக்காப்புப் பூச்சை முதலில் தடவ வேண்டும். கஞ்சி போட்ட பாவு நூல் வேண்டாம், எப்பாக்சி சரியாக இறங்காது. ஓரத்தில் நாலு சுற்று சரிகை வைத்தால் அழகாக இருக்கும், அது உங்கள் இஷ்டம். முடிச்சு எங்கும் கிடையாது: தொடக்க நுனியைச் சுற்றுகளுக்கு அடியிலேயே புதைத்து, கடைசி நுனியை ஒரு கண்ணி வைத்து உள்ளே இழுத்துவிட வேண்டும். கைடின் கால் நுனியைச் சரிவாக அராவிக்கொண்டு, பிளாங்கில் தொடங்கி காலின் மேல் ஏறுங்கள். தறியில் இழை இழையாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சொதப்புவது எல்லாம் எப்பாக்சியில்தான். இரண்டு பாகத்தையும் சிரிஞ்சால் சரிசமமாக அளந்து, குமிழி வராமல் மெதுவாகக் கலக்க வேண்டும். கண்ணளவு போட்டால் காலத்துக்கும் பிசுபிசுக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சேலத்து மே மாத வெயிலில் கிண்ணத்திலேயே சூடாகி இறுகும், அதனால் அலுமினியத் தாளில் பரப்பி வைத்துத் தொட்டுத் தடவுங்கள். ஏற்காட்டில் நேர்மாறு. 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில், பனிமூட்ட நாளில், நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு ராடுக்குப் பூசினேன். ஈரம் ஏறி மேலே பால் படர்ந்ததுபோல் வெளுத்துவிட்டது, அத்தனையையும் சுரண்டினேன்.

பூசிய பின் ராடு சில மணி நேரம் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் எப்பாக்சி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டுச் சுழற்றும் மோட்டார் இதற்குப் போதும். அப்புறம், உங்கள் வீட்டுக்கு என்றே ஒன்று: தறிப் பஞ்சு காற்றில் மிதந்துகொண்டே இருக்கும், ஈர எப்பாக்சியில் வந்து அப்பும். தறி ஓடாத நாளாகப் பார்த்து, ஃபேனை நிறுத்திவிட்டுப் பூசுங்கள்.