வெயிட் இல்லேன்னு எடைக்குப் போட்டுடாதீங்க (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: தாத்தாவோட பழைய இங்கிலீஷ் சைக்கிள் ஒண்ணு வீட்டுல கெடக்குதுங்கய்யா. சீட்டுக்குக் கீழ குழாய்ல 531னு ஸ்டிக்கர், பாதி உரிஞ்சு போச்சு. பழைய இரும்பு வாங்குறவரு தூக்கிப் பாத்துட்டு "வெயிட்டே இல்லையே"ன்னு கொறச்சுக் கேக்குறாரு. குடுத்துரலாமா? (பர்மா, மோல்மேன் வாசகர்)

பதில்: ஐயோ, குடுத்துராதீங்க தம்பி! அந்த வெயிட் இல்லாததுக்குத்தான் ஒரு காலத்துல காசு. இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல இருக்குற ரெனால்ட்ஸ் கம்பெனி 1935ல கொண்டுவந்த குழாய் அது, இரும்போட மாங்கனீஸும் மாலிப்டினமும் சேத்தது. பந்தய சைக்கிளுக்கு மட்டும் இல்ல, ஜாகுவார் ஈ-டைப் காருக்கு முன்னாடி எஞ்சினத் தாங்குற ஃப்ரேமே இதுலதான் செஞ்சாங்க.

ஒண்ணு புரிஞ்சுக்கணும், லேசான இரும்புன்னு தனியா ஒண்ணும் கெடையாது. எந்த இரும்பா இருந்தாலும் ஒரு கன சென்டிமீட்டர் எட்டு கிராமுக்குக் கொஞ்சம் கொறச்சல்தான். கலவை பலமா இருக்கறதால குழாயோட சுவர மெல்லிசா இழுக்கலாம், அவ்வளவுதான் விஷயம். அதுலயும் ஜாயின்ட் வர்ற ரெண்டு முனையில 0.8 மில்லிமீட்டர், நடுவுல 0.5ன்னு உள்பக்கமாவே கொறைச்சிருப்பாங்க, வெளிய தடவிப் பாத்தா தெரியாது. இந்த வித்தைக்கு ரெனால்ட்ஸ் 1897லயே பேடன்ட் வாங்கிட்டாங்க.

ஸ்டிக்கர மட்டும் நம்பாதீங்க, யார் வேணா ஒட்டலாம். சீட் போஸ்ட்ட, அதாவது சீட்டத் தாங்குற கம்பிய, உருவி அதோட குறுக்களவ வெர்னியர்ல அளந்து பாருங்க. 27.2 மில்லிமீட்டர் இருந்தா குழாய்ச் சுவரு மெல்லிசு, நல்ல அறிகுறி, 25.4 இருந்தா பெரும்பாலும் சாதாரண கனத்த குழாய். நல்ல ஃப்ரேம் மட்டும் தனியா ரெண்டு கிலோ சொச்சம், நம்ம பர்மா கணக்குல ஒண்ணேகால் வீசை வரும். எடைக்குப் போட்டா சரக்கு ஒசத்தியா இருக்க இருக்கக் காசு கம்மி, அந்த ஆளு பேசுறது அவரு கணக்குக்குச் சரிதான்.

உருவுன கையோட உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. உங்க ஊர்ல வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல மழை, தண்ணி சீட் போஸ்ட் வழியா எறங்கி பெடல் அச்சு இருக்குற எடத்துல போய்த் தேங்கும், மெல்லிசான சுவரு உள்ளேருந்தே அரிச்சுப்போகும். தலகீழா கவுத்து வடிச்சு, காயவச்சு, எண்ணெய் விட்டுச் சுத்திவிடுங்க.

கேள்வி: நான் யாங்கோன்ல சைக்கா (பக்கத்துல சீட்டு வச்ச மூணு சக்கர சைக்கிள்) ஓட்டுறேன். குரோமோலி பைப்ல சைக்கா கட்டினா மிதிக்க லேசா இருக்கும்னு ஒருத்தர் சொல்றாரு, கட்டலாமா?

பதில்: வேணாம்ணே. குரோமோலி, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் சேத்த 4130ங்கிற இரும்பு, நல்ல சரக்குதான், சின்ன விமானத்தோட உடம்பு, ரேஸ் கார் கவுந்தா டிரைவர் நசுங்காம இருக்கப் போடுற கூண்டு எல்லாம் அதுலதான். ஆனா வளைஞ்சு குடுக்குற விஷயத்துல எல்லா இரும்பும் ஒண்ணுதான். மெல்லிசா போட்டீங்கன்னா ஒடையாது சரி, ஆனா முன்னப் பாத்து ஒருத்தரு பின்னப் பாத்து ஒருத்தருன்னு முதுகோட முதுகா ஏத்திக்கிட்டுக் குழியில எறக்கும்போது வண்டி நெளியும், கனமா போட்டா வெயிட்டு பழையபடிதான். கையில காசு இருந்தா பக்கத்துச் சக்கரத்தோட அச்ச மட்டும் குரோமோலில போடுங்க, அது சீக்கிரம் கோணாது.

கேள்வி: 531 ஃப்ரேம்ல விரிசல் விட்டா வெல்டிங் வைக்கலாமா? (பெகு வாசகர்)

பதில்: நான் வச்சு ஏமாந்தவன். ஒரு பட்டறையில கரன்ட் வெல்டிங் அடிச்சுக் குடுத்தாங்க, பாக்க அழகா இருந்துச்சு, மூணே மாசத்துல ஒட்டு அப்படியே இருக்க அதுக்குப் பக்கத்துல சூடு பட்ட எடத்துல பிளந்துக்கிச்சு. 531ன பித்தளை வச்சு, சூட்ட அளவா காட்டித்தான் ஒட்டணும். 4130ஆ இருந்தா டிக் வெல்டிங் (ஆர்கான் கேஸ் வச்சு அடிக்கிறது) தாங்கும். பித்தளை ஒட்டுத் தெரிஞ்ச பெரியவங்க யாராச்சும் உங்க பக்கம் இருந்தா அவங்ககிட்ட குடுங்க, இல்லேன்னா அந்தக் குழாயவே மாத்திடுங்க.