வெல்டிங்கையும் மோட்டார் ஸ்டார்ட்டரில் (மோட்டாரை ஓட்டி நிறுத்தும் கருவி) பழுது கண்டுபிடிப்பதையும் ஒரே முறையில் கற்பிக்கலாமா?

கூடாது. வெல்டிங் கைப்பழக்கம். செய்து காட்டி, திரும்பத் திரும்பச் செய்யவைக்க வேண்டும். முதலில் மாணவர் கரண்ட் இல்லாமல் ராடை (வெல்டிங் குச்சியை) நகர்த்தட்டும். பிறகு 3.15 மி.மீ. ராடு, சுமார் 100 ஆம்பியர், 6 மி.மீ. தகடு. ராடு நுனிக்கும் தகட்டுக்கும் இடைவெளி 3 மி.மீ. ராடு கரையக் கரையக் கை இறங்காவிட்டால் ஆர்க் (ராடுக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்சுடர்) நீண்டு பொறி தெறிக்கும், வெல்டில் பொடி ஓட்டைகள் விழும். இதற்குப் பேச்சு உதவாது. கூடவே கையைப் பிடித்து இறக்கிக் காட்டுங்கள்.

ஸ்டார்ட்டர் பழுதைக் கண்டுபிடித்துக் காட்டினால் மாணவர் அந்த ஒரு பழுதைத்தான் மனப்பாடம் செய்வார். சப்ளையை நிறுத்தி, ஓவர்லோடு ரிலேயில் (மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் அதை நிறுத்தும் பாகம்) 95 என்று எண்ணிட்ட முனையின் வயரைக் கழற்றி, டேப் சுற்றி மறைத்துவிடுங்கள். "மோட்டார் ஓடவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். சப்ளை இல்லாமலே, மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (மின்பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று) பார்த்து அவரே தேடட்டும். உடனே விடை சொல்லிவிடாதீர்கள். பல ஆசிரியர்கள் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள்.